ஆபகூக்கும் இரண்டு உப்பு அம்பாரங்களும்

கதை எழுதிப் பழகாத கை ஒன்று இதை எழுதத் துணிந்ததைப் பெரியோர் அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டும். தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பேசும் தகுதி முறையாக வேதம் கற்றவர்களுக்கே உண்டு. ஆயினும், தூத்துக்குடி உப்பளக்கரையில் ஒரு பெண்கள் பண்டிகையன்று நிகழ்ந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கும் மனம் ஒப்பவில்லை. பிழை இருப்பின் திருத்திப் படித்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு, செப்டம்பர் மாதம். நாசரேத்தில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட ஞானபாய் டீச்சருக்கு அவ்வாண்டுப் பெண்கள் பண்டிகையில் பிரசங்கம் செய்யும் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஒரு ஞாயிறு மட்டும், பெண்ணொருத்தி பீடத்தருகே நின்று பேசுவது அச்சபையின் வழக்கம். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை அதட்டும் டீச்சருக்குச் சபையை நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே வேதாகமத்தில் மூன்றே அதிகாரம் கொண்ட ஆபகூக்கு தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தார். சின்னப் புத்தகம், சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்பது கணக்கு.

ஆனால் அந்தச் சின்னப் புத்தகம் அவரை விடவில்லை. சோற்றை வடிக்கும்போதும் அதே நினைவுதான்.

"இந்த மனுசன் கடவுள்கிட்டயே சண்டைக்கு நிக்காருங்க!" என்றார், கணவர் தனராஜுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே. "எத்தனை நாள் நான் கத்த, நீர் எத்தனை நாள் கேளாமலே இருக்கன்னு நேருக்கு நேரா கேக்காரு. கேட்டுட்டு, பதில் வராம எறங்க மாட்டேன்னு காவல் கோபுரத்துல ஏறி நின்னுக்கிடுதாரு."

"ஏளா, ஆபகூக்குன்னு ஒருத்தர் இருக்காருங்கதே பாதிச் சபைக்குத் தெரியாது. ரூத்து, எஸ்தருன்னு நல்ல பொம்பளையாப் பாத்து எடுக்கக் கூடாதா?"

"கடேசில வயல்ல வெளைச்சல் இல்ல, தொழுவத்துல மாடு இல்ல, ஆனாலும் சந்தோசமா இருப்பேங்காரு. அது மட்டுந்தான் எனக்கு வெளங்கல."

"வெளைச்சல் இல்லாதவன் சந்தோசமா இருந்தா அவனைப் பாளையங்கோட்டை டாக்டர்ட்ட காட்டணும்" என்று சொல்லி, தனராஜ் மோர் கேட்டார்.

தனராஜ் கெட்டவர் அல்லர். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். அவ்வாண்டு வெயில் கைகொடுத்ததால் அம்பாரம் வெள்ளைக் கோயில் போல எழும்பி நின்றது. அதை விற்றுத்தான் பாதியில் நிற்கும் வீட்டுக்கு மேற்கூரை போட வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் அம்பாரத்தைப் பனையோலையால் மூடுவது உப்பளத்து வழக்கம். மூடாத உப்பு மழையில் கரைந்து கடலுக்கே போய்விடும். ஓலை தனராஜின் கொட்டகையில் பத்திரமாக அடுக்கியிருந்தது. சாவி டீச்சரின் இடுப்புக் கொத்தில் இருந்தது.

பண்டிகைக்கு முந்தைய நாள் உப்பளத் தொழிலாளி மாசானம் வாசலுக்கு வந்தார். அவரும் சில அளத்தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்து, பக்கத்துச் சிறு அளத்தை முதன்முறையாகத் தாங்களே குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்களுடைய அம்பாரமும் தனராஜின் அம்பாரத்துக்கு அருகிலேயே திறந்து கிடந்தது.

"அண்ணாச்சி, ஊர் பூரா தேடிட்டோம், ஓலை இல்ல. எங்களுக்குன்னு உடன்குடிலேர்ந்து வந்த ஓலை வண்டிய நீங்க கூடக் காசு கொடுத்து மறிச்சுட்டீக. சரி, போகட்டும். பாதியாவது தாங்க. நாளைக்கு நாங்களே ஒங்களுதையும் சேத்து மூடித் தாரோம்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஓய்வுநாள்ல என் ஓலையில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. திங்கக்கெழம எனக்குப் போட்டு மிஞ்சினாப் பாப்போம்."

"மழைக்கு ஓய்வுநாள் உண்டுமா அண்ணாச்சி?"

"ஏலே, எனக்கே வேதம் சொல்லுதியா?"

மாசானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுப்படியில் நின்ற ஞானபாய்க்கு, வண்டியை மறித்த சேதி அப்போதுதான் தெரிந்தது. பிரசங்கத்தை எடுத்துப் பார்த்தார். தனதல்லாததைத் தனக்கென்று குவித்துக்கொள்கிறவனுக்கு ஐயோ என்று தீர்க்கதரிசி சொல்லும் இடத்தில் கண் நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

மறுநாள் பிற்பகல் ஆராதனை. பெண்கள் எல்லாரும் பட்டுடுத்தி வந்திருந்தார்கள். கத்தரிப்பூ நிறப் பட்டில் ஞானபாய் எழுந்து நின்றார். முதல் அதிகாரத்தை யாருக்கும் கேட்காமல் முனகினார். இரண்டாவதுக்கு வந்ததும், எங்கிருந்து வந்ததோ, குரல் எழும்பிவிட்டது.

"அநியாயத்துல கட்டுன வீட்டப் பத்தித் தீர்க்கதரிசி என்ன சொல்லுதார் தெரியுமா? சுவத்துல இருக்க கல்லே சத்தம் போடுமாம்! மேல இருக்க உத்தரம் ஆமா ஆமான்னு பதில் சொல்லுமாம்!"

வகுப்பறைப் பேச்சு அப்படியே வாயில் வந்துவிட்டதை அவர் உணரவில்லை. ஆண்கள் பக்கத்தில் தனராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மேற்கே இடி உருண்டது. ஜன்னலுக்கு வெளியே வானம் எருமைத் தோலாகக் கறுத்திருந்தது. கோயில் வாசற்படியில், உள்ளே வரத் தயங்கி, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி மாசானம் நின்றார்.

"டீச்சரம்மா, மழ எறங்குது. ஓலை."

தனராஜ் கையமர்த்தினார். "ஆராதனை முடியட்டும்." ஆசீர்வாதம் கூறுமுன் கோயிலை விட்டு எழுவது அங்கே கேள்விப்படாத செயல். ஞானபாய் கணவரைப் பார்த்தார், மாசானத்தைப் பார்த்தார், வேதத்தை மூடினார். அடுத்த கணம், இடுப்புச் சாவிக்கொத்தைப் பற்றிக்கொண்டு, நடுப்பாதை வழியே ஓடத் தொடங்கிவிட்டார்!

"ஏளா, டீச்சர் ஓடுதாளே!" என்று ஒரு குரல். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்துவிட்டது. குருவானவர் கைகளை உயர்த்தி, ஓடுகிறவர்களின் முதுகுகளுக்கு ஆசீர்வாதத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாமும் ஓடினார்.

கொட்டகை திறந்தது. பட்டுச் சேலைகள் வரிசையாக நின்று ஓலையைக் கைமாற்றின. மாசானத்தின் மனைவி சந்தனமாரி தங்கள் அம்பாரத்தின் மேலே நின்று கூவினாள்: "டீச்சர், சேலைய இடுப்புல செருகுங்க, அளத்துக்குள்ள பட்டு வெளையாது!"

சிரிப்பு எழுந்தது. அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டியபடி தனராஜ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "நம்ம அம்பாரத்துக்கு மொதல்ல போடுங்க! இருக்கது ஒண்ணுக்குத்தான் காணும்!"

அது உண்மை. இரண்டு அம்பாரம், ஒன்றுக்கான ஓலை. எல்லாருடைய கைகளும் நின்றன. முதல் துளிகள் உப்பில் புள்ளி குத்தத் தொடங்கின.

"இது அவுகளுக்கு வந்த ஓலை. அவுக அம்பாரத்துக்குப் போடுங்க" என்றார் ஞானபாய்.

"ஏளா, கிறுக்கு பிடிச்சுட்டா? வீட்டுக்கு மேக்கூரை?"

"கூரை இல்லாம இன்னும் ஒரு வருசம் வாடகை வீட்டுல இருக்கலாம். மழைக்கு அளம் மூடிட்டா இவுக பிள்ளைகளுக்குத் தை மாசம் வரைக்கும் கஞ்சி இந்த உப்புதாங்க." ஓலை ஒன்றைத் தாமே எடுத்து மாசானத்தின் அம்பாரத்துப் பக்கம் நீட்டினார். "தூக்குங்க!"

தூக்கினார்கள். மழை கொட்டியது. தனராஜ் தம் அம்பாரத்தின் முன் போய்க் குடையை விரித்துப் பிடித்தார். மலைக்குத் தொப்பி வைத்தாற்போல இருந்தது. காற்று ஒரே வீச்சில் குடையைப் பிடுங்கிப் பாத்திக்குள் எறிந்தது. அடுத்த வீச்சில் மாசானத்தின் அம்பாரத்து ஓலை ஒரு பக்கம் கிளம்பியது. யாரும் சொல்லவில்லை, உப்புக்காரனின் உடம்புதான் பாய்ந்தது. தனராஜ் தாவி ஏறி, கிளம்பிய ஓலையின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, கயிறு போட்டாச்சு, எறங்குங்க" என்றார் மாசானம், சற்று நேரம் கழித்து.

"எந்திரிச்சாப் பறந்துரும்லா? போலே அங்கிட்டு" என்றார் தனராஜ். தம் வெள்ளைக் கோயில் கண்ணெதிரே கரைந்து வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்தபடி, பிறர் உப்பின் மேல் அசையாமல் அமர்ந்திருந்தார்.

ஞானபாயும் அதைப் பார்த்தார். அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. உள்ளங்கால் முதல் ஏதோ பொங்கி ஏறியது. வாயைத் திறந்து, மழைக்கு மேலாக, பண்டிகைப் பாட்டைப் பாடத் தொடங்கினார். பாடகர் குழுவினர் சுருதி பார்க்காமல் சேர்ந்துகொண்டார்கள். சந்தனமாரிக்குப் பாட்டுத் தெரியாது. கைதட்டத் தெரிந்திருந்தது.

மழை புதன்கிழமை வரை விடவில்லை.

நனைந்து கெட்டவையும் போனவையும் வருமாறு: தனராஜின் அம்பாரம், அடியில் முழங்கால் உயரம் நீங்கலாக. ஒரு குடை. கத்தரிப்பூ நிறப் பட்டு ஒன்று, பிற நிறங்களில் பல. குருவானவரின் செருப்பில் இடக்கால். பேசப்படாத பாதிப் பிரசங்கம். அவ்வாண்டு மேற்கூரை.