பதினான்கு பன்றிகளும் ஒரு லிஃப்டும்

அடையாறில் ஆற்றையொட்டி நிற்கும் ‘ஸ்ரீநிதி’ அடுக்ககத்தின் பொதுக்குழு, பதினோரு வருஷத்தில் முதல்முறையாகக் கோரத்தோடு கூடியது, பதினான்கு காட்டுப்பன்றிகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததால்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, தக்காளி கிலோ முப்பத்தாறு. நாற்பத்தெட்டு வீடுகளில் இருபத்தைந்து வீட்டுக்காவது ஆள் வந்தால்தான் கோரம் சேரும், கூட்டம் செல்லும் என்பது சங்கத்தின் விதி. வருகிறவர்கள் எப்போதும் பதினொரு பேர். மற்றவர்களில் பாதிப்பேர் நியூஜெர்சியிலும் மெல்போர்னிலும் இருந்துகொண்டு வாட்ஸப்பில் தோட்டத்துக்கு யோசனை சொல்வார்கள். மீதிப்பேர் மேல் மாடிகளில் இருந்துகொண்டு, இறங்கி வர லிஃப்ட் இல்லையே என்பார்கள்.

லிஃப்ட் நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. புது லிஃப்ட் போடப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். செயலாளர் ராமானுஜம் தணிக்கைத் துறையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். விதியைக் கேட்காமல் வாழைக்காய்கூட நறுக்க மாட்டார். மூன்றாவது மாடியில் அவர் மனைவி வைதேகிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. நாலு வருஷமாக அவள் தரையை மிதிக்கவில்லை. மயிலாப்பூரில் அக்கா காலமானபோது வைதேகியை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி திரும்பவில்லை. அக்காவின் முகத்தை செல்போனில் பார்த்து அழுதாள். ராமானுஜம் அவமானத்தில் குறுகிப்போனார். விதியையே திருத்திவிடலாம் என்று அன்றே புத்தகத்தைப் புரட்டினார். விதியைத் திருத்தவும் கோரம் வேண்டும் என்று போட்டிருந்தது.

பன்றிகள் ஐப்பசி மழையில் ஆற்றோரமாக வந்தன. முதல் வாரம் தோட்டத்துக் கல்வாழைகளைக் கிழங்கோடு தோண்டின. இரண்டாவது வாரம், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தரைத்தளத்து சண்முகசுந்தரத்தின் புதுக் காரை முட்டிச் சப்பையாக்கின. மூன்றாவது வாரம் மாடியேறி, பூட்டிக் கிடந்த வெளிநாட்டுக்காரர்களின் வீட்டு வாசல்களில், வீட்டுக்கு ஒன்றாகக் கால்மிதியில் படுத்துக்கொண்டன. படியில் எதிரே ஆள் வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். அந்தப் பழக்கம் அதுவரை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

சண்முகசுந்தரம் சும்மா இருக்கவில்லை. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் வேட்டைக்காரர் முருகனை அழைத்து வந்தார். சுட அனுமதி தரும் ஆபீஸில், மனுவோடு பொதுக்குழுத் தீர்மானத்தை இணைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே முருகன் வாட்ச்மேன் பக்கத்தில் துப்பாக்கியைச் சாத்திவிட்டு ஐந்து வாரம் டீ குடித்தார். பன்றிகள் வந்தால் காலை மடக்கி வழிவிடுவார். “எனுக்கு இன்னா சார், காயிதம் குடுத்தா சுட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்” என்பார்.

கார் நிறுத்துமிடத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முதல் தீர்மானம் லிஃப்ட், இரண்டாவது பன்றி வேட்டை. வழக்கமான பதினொரு பேர் வந்த பிறகு பன்றிகள் படியிறங்கி வந்தன. சாக்கில் குளம்பைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாற்காலியில் அமர்ந்தன. ராமானுஜம் இரண்டு தரம் எண்ணினார். இரண்டு தரமும் இருபத்தைந்து வந்தது.

கணக்கில் கெட்டிக்காரரான சண்முகசுந்தரத்துக்கு உடனே பிடிபட்டது. “சார், லிஃப்டுக்கு மட்டும் இதுகளை ஆளா எழுதிக்கிடுங்க. அடுத்ததுல பன்னின்னு எழுதிச் சுட்டுருவோம். சோலி முடிஞ்சுது” என்றார். நல்ல யோசனை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு நிமிஷம் ராமானுஜத்துக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. செத்தவர்களை வருகைப் பதிவில் உயிரோடு வைத்திருந்த ஆபீஸ்களை அவர் நிறையப் பிடித்திருக்கிறார். வந்தவர்களை வரவு வைத்துக்கொண்டு சுட்ட ஆபீஸை அவர் பார்த்ததில்லை.

மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து வைதேகி கூப்பிட்டாள். எல்லாக் கூட்டத்துக்கும் அவள் அங்கேதான் நிற்பாள்; விதிப்படி அது வருகை ஆகாது. “ஏன்னா, வராதவா எடத்துல வந்தவா உக்காந்திருக்கா. எழுதிக்கோங்கோ. ஆனா எழுதினப்புறம் சுடப்படாது. அப்படின்னா எனக்கு லிஃப்டே வேண்டாம்.”

ராமானுஜம் மை டப்பாவைத் திறந்தார். நியூஜெர்சிக்கும் மெல்போர்னுக்கும் நேரே பதினான்கு குளம்புகள் பதிந்தன. லிஃப்ட் தீர்மானத்துக்கு இருபத்துநாலு பேர் கையும் காலும் தூக்கினார்கள். தரைத்தளத்துக்கு லிஃப்ட் எதற்கு என்று சண்முகசுந்தரம் மட்டும் தூக்கவில்லை. அடுத்ததாக, ஒரு தீர்மானம் யாரைப் பற்றியதோ அந்த உறுப்பினர்கள் அந்த நேரம் வெளியேற வேண்டும் என்ற ஒன்பதாம் விதியை ராமானுஜம் நிறுத்தி நிதானமாக வாசித்தார். பன்றிகள் எழுந்து வரிசையாக மாடியேறின. மிச்சம் பதினொரு பேர், கோரம் இல்லை, வேட்டை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குப் பின் நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் அது அப்படியேதான் ஒத்திவைக்கப்படுகிறது. முருகன் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

தை மாதம் லிஃப்ட் ஓடியது. வைதேகி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கதவு திறந்தபோது உள்ளே நான்காவது மாடிப் பன்றி மூன்று குட்டிகளோடு நின்றிருந்தது; ஒதுங்கி இடம் விட்டது. கீழே முருகன் கதவைப் பிடித்துக்கொண்டு, பார்த்து வரச் சொன்னார். வைதேகி தோட்டத்துக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பன்றிகள் கிளறிப் போட்டிருந்ததால் மண் அவள் காலுக்கு மெத்தென்று இருந்தது.