கொழுப்பு வியாழனும் ஒரு கழுத்துப்பட்டையும்

சோதனை நாளைக் குறித்து ஹாம்பர்க்கிலிருந்து வந்த கடிதத்தை வாசித்ததும் ரோஸ்விதா நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. தெற்கு ஜெர்மனியில், டுட்லிங்கனில் பிறந்த பூனைக்குக்கூட அன்று, தவக்காலத்துக்கு முந்திய கூத்து நாளான, கொழுப்பு வியாழன் என்பது தெரியும். அன்று ஊரில் வேலை என்று எதுவும் உருப்படியாக நடப்பதில்லை. பன்றிக்கொழுப்பில் பொரித்த பணியாரத்தின் வாசம் டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் பரவும். மர முகமூடிகள் வீதியில் திரியும். கழுத்துப்பட்டை கட்டி வரும் ஆண்மகன் யாராயினும் பெண்கள் அதைக் கத்தரித்துவிடுவார்கள். ஆகையால் உள்ளூர் ஆண்கள் சாயம் போன பழைய பட்டையாகத் தேடியெடுத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். நாள்காட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டே அதைப் பாராமல் தேதி குறிப்பவர்களை என்னவென்று சொல்வது?

“வேற நாள் கேளேன்” என்றார் கோட்லோப். அறுபத்தொரு வயதான அவர் அறுவைக் கருவித் தொழிற்கூடத்தின் மேற்பார்வையாளர். ரோஸ்விதாவுடன் இருபது ஆண்டுகளாக வேலை செய்பவர்.

“மூணு வருஷமா அந்த ஹாம்பர்க் டாக்டர் தேதிக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம். இப்பப் போய், ‘ஐயா, அன்னைக்கு நாங்க கூத்தடிப்போம்’னு எழுதச் சொல்றியா?”

“எழுதாட்டி மட்டும் கூத்து நடக்காதா?”

மூன்று ஆண்டுகள் என்று அவள் சொன்னது மிகையன்று. அறுவை மருத்துவர் ஒரு மேசையின் முன் அமர்ந்து கைப்பிடிகளை அசைப்பார். அந்த அசைவு நோயாளியின் வயிற்றுக்குள் விரல் நுழையும் துளை வழியே போய், அரிசிமணி அளவுள்ள இடுக்கியைத் திருப்ப வேண்டும். இடையில் நின்று அந்த அசைவைக் கொண்டுசேர்ப்பது முஷ்டியளவான ஒரு பெட்டி. அதற்குள் நான்கு உருளைகள்; அவற்றின்மேல் தலைமயிரைவிடச் சற்றே தடித்த உலோக வடங்கள்; வடம் தளர்ந்தால் தானே இழுத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு வில்சுருள்கள். அந்தப் பெட்டி முழுவதும் ரோஸ்விதாவின் சிந்தையில் பிறந்தது. கைப்பிடி திரும்பிய பிறகு நுனி திரும்பும்வரை உள்ள இடைவெளியைத் தொழிற்கூடத்தில் ‘தயக்கம்’ என்பார்கள். வடக்கு மருத்துவமனைகளின் சார்பில் வரும் டாக்டர் கார்ஸ்டென்ஸ் இரண்டு பாகைக்கு மேல் தயக்கத்தை ஏற்கமாட்டார். அவர் மறுத்தால் பெட்டி கைவிடப்படும் என்று நிர்வாகம் எழுத்திலேயே தெரிவித்திருந்தது.

புதிய வடம் புதுச் செருப்பைப் போன்றது, பழகும்வரை கடிக்கும். ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் ஆட்டுமேடையில் பொருத்தி அறுநூறு முறை ஆட்டியெடுப்பது விதி. புதன்கிழமை பிற்பகலில் ரோஸ்விதா பன்னிரண்டு பெட்டிகளை மேடையில் பூட்டி, பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். பக்கத்துச் சமையலறையில் கோட்லோப் மறுநாளைக்கான பணியாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஆட்டி முடித்ததும் மேடையின் விளக்கு தானே அணைந்துவிடும். வியாழன் காலை ஏழு மணிக்கு அவள் வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. பன்னிரண்டு பெட்டிகளிலும் ‘ஆட்டப்பட்டது’ என்னும் பச்சைச் சீட்டை ஒட்டிக் கையெழுத்திட்டு முத்திரையிட்டாள்.

ஒன்பது அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது டாக்டர் கார்ஸ்டென்ஸ் வந்தார். நெடிய உருவம், நரைத்த புருவம், கருநீலப் பட்டில் தங்கப் புள்ளியிட்ட கழுத்துப்பட்டை. அதைக் கண்டதும் வாயிலில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மோய்ன்” என்றார் அவர். வடக்கத்தியர் வணக்கத்துக்கென்று ஒதுக்கிய சொல் அந்த ஒன்றுதான் போலும்.

பன்னிரண்டு பெட்டிகளில் ஏழாவதை அவரே தேர்ந்தெடுத்து, முத்திரையை அவரே உடைத்தார். கோட்லோப் அதைக் கருவியின் வலக்கையில் பொருத்தினார். இடக்கையில் பல ஆண்டுகளாக வழக்கிலுள்ள பழைய வகைப் பெட்டி இருந்தது. கீழே வயிற்றுக்குப் பதிலாக, துளையிட்ட ரப்பர்ப் போர்வை மூடிய ஒரு தொட்டி. டாக்டர் கைப்பிடியைத் திருப்ப, அளவுகோல் முள் நகர்ந்து நின்றது.

ஐந்தரைப் பாகை.

“இன்னொரு தடவை” என்றாள் ரோஸ்விதா.

ஐந்து புள்ளி நான்கு.

“இதை ஆட்டி எடுத்தீங்கதானே?” என்று கேட்டார் டாக்டர், பச்சைச் சீட்டைப் பார்த்தவாறே.

“அறுநூறு தடவை.”

“அப்படின்னா குறை பெட்டியோட அமைப்புலயே இருக்கு.” அவர் பேனாவைத் திறந்தார். “வருத்தமாத்தான் இருக்கு, திருமதி ஹௌக். படத்துல பார்த்தப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. என் ரயில் ரெண்டு மணிக்கு. அதுவரைக்கும் அறிக்கை எழுத ஒரு மூலை குடுங்க.”

ரோஸ்விதா சோதனை அறையின் ஓரத்திலேயே ஒரு நாற்காலியில் அமர்ந்து, வரைபடத்தை மடியில் விரித்து, எந்த உருளையில் தவறினோம் என்று தேடத் தொடங்கினாள். மூன்று ஆண்டுகளையும் தலைகீழாகப் புரட்டினாள். ஒன்றும் அகப்படவில்லை.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. தட்டவுமில்லை, கேட்கவுமில்லை. முன்னால் சூனியக்காரி வேடத்தில் ஸ்லாவிட்சா. வடம் கோக்கும் பெண்களுக்குத் தலைவி அவள். பின்னால் கோழிகள், கரடிகள், ஒரு நடமாடும் பாலாடைக்கட்டி. எல்லாமாக முப்பது பேர் இருப்பார்கள். கோட்லோப் பணியாரத் தட்டோடு வந்தார்.

“ஏன் இங்க எழவு வீடு மாதிரி இருக்கு?” என்றாள் ஸ்லாவிட்சா.

“பெட்டி தேறல” என்றார் கோட்லோப் மெல்ல.

“தேறலைன்னா விளையாடக் கூடாதா? செத்த மாட்டை யார் அடிச்சா என்ன?” அவள் தன் பையிலிருந்த மிட்டாய்களைத் தொட்டிக்குள் கொட்டினாள். “வாங்கடி, ஆளுக்கு ஒண்ணு. கையால எடுத்தா பணியாரம் கிடையாது.”

அறிக்கை எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார், தடுக்கவில்லை. கைவிடப்பட்ட கருவியை யார் தொட்டால் அவருக்கென்ன? ஒருவர் பின் ஒருவராக மேசையில் அமர்ந்து, ரப்பர் வயிற்றுக்குள் இடுக்கியை அனுப்பி மிட்டாய் பிடித்தார்கள். கரடிக்கு ஏழு முறை நழுவியது.

“அது மிட்டாய், மீன் இல்ல. தாலாட்டாதே, பிடி” என்று பின்னாலிருந்து கோழி கொக்கரித்தது.

“உன் முட்டையா இருந்தா பிடிச்சிருப்பேன்” என்றது கரடி.

ஒரு மணி நேரம் இப்படியே கழிந்தது. தொட்டி காலியானதும் ஸ்லாவிட்சா இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை உருவி, மூலை மேசையை நோக்கி நடந்தாள்.

“டாக்டர், உன் டை ரொம்ப நீளமா இருக்கு.”

வேடமிட்டவர் யாரையும் ‘நீ’ என்றே அழைப்பர் என்பதை அறியாத டாக்டரின் புருவம் ஏறியது. அவர் பட்டையைக் கையால் பொத்தினார். “இது பட்டு. என் மகள் வாங்கித் தந்தது.”

“அதனாலதான் கேட்டு வெட்டறேன். மத்தவங்களைக் கேக்கறதே இல்ல.”

“அம்மா, இதை வெட்டணும்னா அந்த மெஷினால வெட்டுங்க பார்ப்போம்” என்றார் அவர், சற்றே ஏளனமாக. “அஞ்சரைப் பாகை தயங்குது. நேரா ஒரு கோடு வெட்டிட்டா நான் ஒண்ணும் சொல்லல.”

நுணல் தன் வாயால் கெட்டது. அறை வெடித்துச் சிரித்தது. கோட்லோப் இடுக்கி நுனியைக் கழற்றிக் கத்தரி நுனியை மாட்டினார். வடக்கத்தியர் சொன்ன சொல் தவறாதவர் என்பதற்கு டாக்டர் கார்ஸ்டென்ஸ் அன்று சான்றானார். எழுந்து வந்து, ரப்பர் வயிற்றின்மேல் குனிந்து, பட்டையின் நுனியைத் துளைக்குள் தொங்கவிட்டார். நாற்பது ஆண்டுகளாகப் பிறர் வயிற்றைக் குனிந்து பார்த்த மனிதர், தூண்டிலில் தன்னையே இரையாகக் கோத்துக்கொண்டு நின்ற காட்சி அது.

“அசையாதே. மூச்சு விடலாம்” என்றாள் ஸ்லாவிட்சா, மேசையில் அமர்ந்து.

கத்தரி பட்டில் இறங்கியது. ஒரே சீராக, விளிம்பு பிசிறாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. பாதிப் பட்டை தொட்டிக்குள் விழுந்தது. முப்பது பேரும் மேசையைத் தட்டி ஆரவாரித்தார்கள். டாக்டர் நிமிர்ந்தார், தம் கழுத்தில் மிஞ்சியதைப் பார்க்கவில்லை. விழுந்த துண்டை எடுத்து, வெட்டின் விளிம்பை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார்.

“இது நேராயிருக்கே” என்றார்.

“நேராத்தான் வெட்டுவேன். எங்கப்பா தையல்காரர்.”

“உங்களைச் சொல்லல.” அவர் கழுத்துப்பட்டையின் எஞ்சிய பகுதியை அவிழ்த்து, இரு துண்டுகளையும் தொட்டிக்குள் வைத்தார். “ஊசி இருக்கா? நூல்?”

கோட்லோப் மறுபடி இடுக்கி நுனியை மாட்ட, டாக்டர் மேசையில் அமர்ந்து தைக்கத் தொடங்கினார். முதல் தையலில் அவர் முகம் இறுகியிருந்தது. மூன்றாவதில் தளர்ந்தது. ஐந்தாவதில் அவர் நாக்கின் நுனி, வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்குப் போல, உதட்டோரம் எட்டிப் பார்த்தது. ஒரு கோழி பணியாரத்தை அவர் வாயருகே நீட்ட, கண்ணை எடுக்காமலே கடித்தார்.

“யார் இதைச் சரிபண்ணினது?” என்றார் திடீரென்று. “காலையில இழுத்த இழுப்புக்கு முரண்டு பிடிச்சது. இப்ப என் விரல் நினைக்கறதுக்குள்ள போகுது.”

ரோஸ்விதா தலை நிமிர்ந்தாள். திரையின் மூலையில், காலையில் பொருத்தியதிலிருந்து பெட்டியின் அசைவுகளை எண்ணும் எண் ஓடிக்கொண்டிருந்தது: எழுநூற்றுப் பன்னிரண்டு. அவள் எழுந்து அடுத்த அறைக்கு ஓடினாள். ஆட்டுமேடையின் பின்புறம் ஒரு சிறிய எண்காட்டி உண்டு. விளக்கை நம்புகிற எவரும் குனிந்து அதைப் பார்ப்பதில்லை. காலையில் அவளும் பார்க்கவில்லை.

முப்பத்தெட்டு.

கதவருகே கோட்லோப் நின்றார். அவர் முகம் மாவின் நிறத்துக்கு வந்திருந்தது.

“ரோஸ்விதா, நேத்து சமையலறையில காப்பி மெஷினும் எண்ணெய்ச் சட்டியும் சேர்த்துப் போட்டா ஃபியூஸ் போயிட்டே இருந்தது. அதனால மேடையோட பிளக்கைப் பிடுங்கிட்டு இங்கேருந்து ஒயர் இழுத்தேன். ஒரு அரை மணிதான். அப்புறம் பிளக்கைத் திரும்பச் சொருகிட்டேன்.”

“சொருகினா போதுமா? பொத்தானை யார் அமுக்குவா?”

“அதான் இப்பத் தோணுது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா அவர் சந்தோஷமா தைச்சிட்டிருக்கார். இப்ப அளந்தா தேறிடும். வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?”

இருக்கலாம்தான். மேடை விட்ட குறையை மிட்டாய் விளையாட்டு தீர்த்திருந்தது; பெட்டி நல்லது, அதில் இனி ஐயமில்லை. அவள் வடிவமைத்தது பிழையன்று. அவள் ஒட்டிய சீட்டுத்தான் பிழை. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது; உடனே அதைவிடச் சிறிய, அதைவிடக் கூரிய ஒன்று அவ்விடத்தில் வந்து அமர்ந்தது.

“பன்னிரண்டு சீட்டுலயும் இருக்கறது என் கையெழுத்து, கோட்லோப்.”

அவள் திரும்பி வந்து டாக்டரின் பக்கத்தில் நின்றாள். ஒன்றையும் மறைக்காமல், எண்ணெய்ச் சட்டி உட்பட, அனைத்தையும் சொன்னாள்.

“அப்ப காலையில நான் அளந்தது எதை?” என்றார் டாக்டர்.

“என் அவசரத்தை.”

அவர் பதினோராவது தையலை முடித்து, நூலை அறுத்து, கைப்பிடிகளை மெதுவாக விட்டார். முதலில் இந்தப் பெட்டியையே அளந்தார். ஒன்றரைப் பாகை. அதை அறிக்கையில் எழுதவில்லை.

“மீதி எத்தனை பெட்டி இருக்கு?”

“பதினொண்ணு.”

“நான் ஒண்ணு எடுக்கறேன். விதிப்படி ஆட்டுங்க. எண்ணை நான் உட்கார்ந்து பார்க்கறேன். இனிமே சீட்டுல ‘ஆட்டப்பட்டது’ன்னு எழுதாதீங்க. எத்தனை தடவைன்னு எழுதுங்க.”

“உங்க ரயில்?”

“ரயில் நாளைக்கும் ஓடும்.” அவர் கோட்லோப்பை நோக்கினார். “அந்தச் சட்டி இன்னைக்கு எதுல சொருகியிருக்கு?”

“எதுலயும் இல்லீங்க. எல்லாம் நேத்தே பொரிச்சாச்சு.”

“நல்லது. அப்ப இன்னும் ரெண்டு குடுங்க.”

ஆட்டுமேடையின் முன் ஒரு நாற்காலி போடப்பட்டது. டாக்டர் கார்ஸ்டென்ஸ் மடியில் தட்டுடன் அமர்ந்து, எண்காட்டியைத் தொலைக்காட்சிபோல் பார்த்தார். அவருக்குப் பின்னால் கரடியும் பாலாடைக்கட்டியும் தோளோடு தோள் உரசி நின்றன. ஐந்நூற்றைக் கடந்ததும் அறையே வாய்விட்டு எண்ணத் தொடங்கியது. ஐந்நூற்றெண்பதில் டாக்டரின் குரலும் அதில் கலந்தது. அறுநூற்றில் விளக்கு அணைந்தது. அன்று அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் எண்ணின்மேல் இருந்தது.

முள் நகர்ந்து நின்றது. ஒன்று புள்ளி நான்கு.

அவர் காலையில் எழுதிய அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, புதிய தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். ரோஸ்விதா அதை இருமுறை வாசித்தாள். ‘ஏற்கப்படுகிறது’ என்னும் சொல்லை மட்டும் மூன்றாம் முறையும் வாசித்தாள். ஸ்லாவிட்சா தன் கூம்புத் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்தாள். காலையிலிருந்து முதன்முறையாக ரோஸ்விதா சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வழிந்தது.

மாலை நான்கு மணிக்கு அனைவரும் வீதிக்கு வந்தார்கள். ஊர்வல இசை ஆற்றங்கரைப் பக்கமிருந்து கேட்டது. டாக்டர் ஒட்டுப்போட்ட பட்டையை மீண்டும் கட்டியிருந்தார். தங்கப் புள்ளிகளின் நடுவே பதினொரு கறுப்புத் தையல்கள் எறும்பு வரிசைபோல் தெரிந்தன. வாயிலைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் எதிர்வீட்டிலிருந்து முன்பின் அறியாத ஒரு சூனியக்காரி கத்தரிக்கோலோடு பாய்ந்து வந்தாள். ரோஸ்விதா குறுக்கே போகப் பார்த்தாள்.

டாக்டர் அவளை விலக்கி, பட்டையைத் தாமே நீட்டிப் பிடித்தார்.

“தையலுக்குக் கீழ வெட்டு” என்றார். “தையல் எனக்கு வேணும்.”