வாசற்படிக்கு வெளியே மீன்

பூனை பஞ்சு ஜன்னல் விளிம்புக்குத் தாவி, குறி தவறிச் சுவரில் மோதி விழுந்ததை மூன்றாவது முறையாகப் பார்த்த பிறகுதான் லீமா அதைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அதுவரை அதன் கண்களை அழகென்றே நினைத்திருந்தாள். பட்டப்பகலிலும் கருமணி அகல விரிந்து மினுமினுத்துக்கொண்டிருக்கும்.

டாக்டர் தாரணி டார்ச் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். என்ன சாப்பாடு என்று விசாரித்தார். தயிர்ச்சோறு, பால், பருப்புச்சோறு என்றாள் லீமா. எத்தனை நாளாக என்றார். இரண்டு வருஷமாக.

மகள் பிரின்ஸிக்கு இரண்டாவது கருவும் கலைந்தபோது லீமா சலேத் மாதா முன்னால் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டாள்: பேரப்பிள்ளையின் முகம் பார்க்கும்வரை கறி, மீன், முட்டை எதுவும் தன் வீட்டு வாசற்படியைத் தாண்டாது. புருஷன் ஆக்னல் லாரி ஓட்டுகிறவன். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் பிரியாணி தின்று, வாய் கொப்பளித்துவிட்டு வீடேறுவான். தயிர்ச்சோற்றை நக்கும் பூனையைப் பார்த்து, "ஏலே, ஒனக்கும் தவக்காலமாக்கும்" என்று சிரிப்பான். லீமாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். தெருநாய்களுக்குப் பயந்து அவள் பூனையை வெளியே விட்டதே இல்லை. எலிகூட நுழையாத சிமெண்டு வீடு. பஞ்சுவுக்கு ஒரு வத்தலக்குண்டு இல்லை.

"நாய்னா சோத்தத் தின்னு ஓரளவு சமாளிச்சுக்கும்மா," என்றார் டாக்டர். "பூனையால முடியாது. கறியிலயும் மீன்லயும் இருக்கிற ஒரு சத்து அதுக்கு வேணும். அத பூனை ஒடம்பு தானா போதுமான அளவு உண்டாக்கிக்காது. அது கெடைக்காமத்தான் கண்ணு போயிருக்கு. இதயமும் வீங்கியிருக்கும்னு நெனக்கிறேன்."

"கண்ணு திரும்ப வருமாங்க?"

டாக்டர் டார்ச்சை அணைத்து மேசையில் வைத்தார். "போனது வராதும்மா. இதயத்தக் காப்பாத்திப் பாக்கலாம்."

அந்தச் சத்து மருந்தாகவும் கிடைக்கும், மதுரையிலிருந்து வர ஒரு வாரமாகும், அதுவரை காத்திராமல் இன்றே மீன் கொடுங்கள் என்றார். பிரின்ஸிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. லீமா அதை அவரிடம் சொல்லவில்லை.

மத்தி வாங்கினாள். பக்கத்து வீட்டுச் செலினாதான் உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்துத் தந்தாள். மாதா இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாங்க அக்கா, உள்ள கொண்டு போங்க என்றாள்.

"கோவிச்சுக்கிட்டா?" என்று கேட்டாள் லீமா. செலினா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தட்டைப் படிக்கு வெளியே வைத்து, பஞ்சுவைத் தூக்கிவந்து அதன் முன்னால் விட்டாள். குளிர்காற்று அடித்தது. எங்கோ நாய் குரைத்தது. வெளியையே அறியாத பூனை, இப்போது கண்ணும் இல்லாமல், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மீனின் பக்கம் திரும்பவே இல்லை. தடவித் தடவி, படியில் ஒருமுறை முட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஏறிவிட்டது.

உள்ளே போனதும்தான் அதற்கு வாசனை பிடித்தது. நிலைக்கு அந்தப்புறம் நின்று, விரிந்த கண்களால் எதையும் பாராமல், மூக்கை நீட்டி நீட்டிக் கத்தியது. லீமா தட்டை எடுத்தாள். ஒரு கை தூரம்தான்.

உள்ளே சார்ஜில் கிடந்த போன் அடித்தது. பிரின்ஸி தினமும் இந்த நேரத்துக்குத்தான் பேசுவாள். கையெல்லாம் மீன்வாடை. போன் அடித்து ஓய்ந்தது. பூனை கத்துவதை நிறுத்தவில்லை. லீமா தட்டோடு படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.