ஒன்றும் செய்யாத கட்டி

தங்கபுஷ்பம் பீரோவில் கணவர் அய்யாதுரையின் பட்டு வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"நுரையீரல்ல கட்டி இருந்துச்சுல்ல, அதான் ஆளக் கொண்டு போயிருச்சு."

வேட்டியோடு வெளியே வந்தவள் நின்று பதில் சொன்னாள். "மாரடைப்பு. கட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அந்தப் பெண் தலையாட்டினாள். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அய்யாதுரையே நம்பாத விஷயம், ஊரார் நம்பவா போகிறார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், விடாத இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது வலது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவர் உஸ்மான் ரோட்டிலிருந்த தன் பாத்திரக்கடைப் பக்கமே போகவில்லை. பிறகு டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். கொழுப்பும் குருத்தெலும்பும் சேர்ந்து உருண்ட கட்டி; புற்று இல்லை, பரவாது. அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். இருமல் சளியால் வந்தது என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அய்யாதுரை கேட்டார். "உள்ளதச் சொல்லு புஷ்பம். எத்தன மாசம்?"

அவள் எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். கடைசியில் அவளும் விட்டுவிட்டாள். முப்பது வருஷமாகக் கடையிலேயே சாப்பிட்ட மனுஷர் மதியம் வீட்டுக்கு வந்து இலை போடச் சொன்னார். சாயங்காலம் பனகல் பார்க்கில், மூச்சு வாங்குகிறது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கடையைப் பிரித்த சண்டையில் ஒன்பது வருஷம் முகம் பாராதிருந்த தம்பி முத்துகிருஷ்ணனைத் தேடி, நங்கநல்லூருக்குத் தனியாகப் போய்வந்தார். சாகப்போகிற நினைப்பில் ஒருவர் இவ்வளவு பிரியமாக இருப்பாரென்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொரு ஸ்கேனிலும் கட்டி அதே அளவில் இருந்தது. அவளுடைய உறுத்தலும் அப்படியே இருந்தது.

பத்து மணிக்கு முத்துகிருஷ்ணன் வந்தார். அண்ணன் காலடியில் வெகுநேரம் நின்றுவிட்டு அவளிடம் வந்தார். அவளால் அடக்க முடியவில்லை.

"புத்துநோய்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு தம்பி. நானும் அழுத்திச் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"மதினி, என்னப் பாக்க வந்த அன்னைக்கே அண்ணன் ரிப்போர்ட்டக் கையில கொண்டாந்தாரு. 'ஒண்ணும் செய்யாத கட்டிடா. ஆனா அந்தப் பத்து நாள் பயந்தேன் பாரு, அப்ப உன் நெனப்புதான் வந்துச்சு'ன்னாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவருக்கு உண்மை தெரியும்னு தெரிஞ்சா நடக்கும்போது கையப் பிடிக்க விடமாட்டீங்களாம்."

தங்கபுஷ்பம் வேட்டியை முத்துகிருஷ்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போய், கணவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புழுக்கத்தில் கண்ணாடி மேல் பனி படர்ந்து முகம் மறைந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். முகம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தாள்.

மகன் பாலகணேஷ் குனிந்து, துணி கொண்டுவரட்டுமா என்று கேட்டான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.