எண்ணூறு மான்களும் ஒரு கையெழுத்தும்

1.

இந்தக் கதை மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் எனக்கு வாய்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு சட்டையை உதறியபடி, தன் புருஷன் மூன்று நாளாகத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால்தான் முழுசாகச் சொல்வாள் என்பது பதினோரு வருடப் பழக்கத்தில் தெரிந்தது. அவள் விட்டதைச் சுவர் சொன்னது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதை மெல்லிசாகக் கட்டியது என் குற்றமில்லை.

2.

முதல் வாக்கியத்துக்கே அரை நாள் ஆனது.

"அடர்ந்த கானகத்தின் மௌனத்தில் அந்த விஞ்ஞானி தன்னந்தனியாக—"

[அடித்துவிட்டேன். கானகத்தில் அவரை நான் பார்த்ததில்லை. சேற்றுச் செருப்போடு படியேறி, துடைத்த படியெல்லாம் அப்பிவிட்டுப் போகும்போதுதான் பார்த்திருக்கிறேன்.]

"எண்ணிக்கை என்பது மனிதனின் ஆதி—"

[இது கட்டுரை. போகட்டும்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர் சூழலியல் ஆய்வாளர். விலங்குத் தொகை மேலாண்மை அவர் துறை. அதாவது, ஒரு காட்டில் எத்தனை மான் இருக்கலாம், எத்தனை இருக்கக் கூடாது என்று மான்களைக் கேட்காமல் முடிவு செய்வது. மான்கள் நின்று தலையை எண்ணக் கொடுக்காது என்பதால் அவற்றின் புழுக்கையை எண்ணுவார். ஒரு மான் நாளைக்கு இத்தனை குவியல் போடும், ஒரு குவியல் இத்தனை நாள் கிடக்கும், வகுத்துப் பார்த்தால் மான் கிடைத்துவிடும். தெருவில் அவருக்குப் 'புழுக்கை சார்' என்று பெயர். 'மான் சார்' என்று மாற்ற அவர் மனைவி முயன்று பார்த்தாள். எடுபடவில்லை.*

* அவருக்கு நாலு பிள்ளைகள். தொகை மேலாண்மைக்காரர் வீட்டிலேயே நாலா என்ற வேடிக்கையைத் தெருவே சொல்லித் தேய்த்துவிட்டதால் நான் சொல்லப்போவதில்லை.

3.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன், நல்ல மழைக்காலங்களில், புழுக்கை அறுபது நாளில் கரைந்துவிடும் என்று அவர் கண்டுபிடித்தார். அந்த அறுபதின் மேல்தான் அவருடைய டாக்டர் பட்டம், பதவி உயர்வுகள், கருத்தரங்கப் பைகள் எல்லாம் நிற்கின்றன. (பைகள் என் சமையலறையிலும் இரண்டு இருக்கின்றன. உறுதியானவை.)

இந்த வருடக் கணக்கில் எண்ணூறு மான் வந்தது. காடு தாங்குவது நானூறு. ஆகவே நானூறு நீக்கப்பட வேண்டும் என்று அறிக்கை எழுதினார். 'நீக்கம்' என்பது கோப்பு மொழி. கோப்பில் யாரும் எதையும் சுடுவதில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் நீக்கம் தொடங்கும். அதே கூட்டத்தில் அவரை இயக்குநராகவும் அறிவிப்பார்கள். அவர் மனைவி இயக்குநர் குடியிருப்புக்குப் போய், திரைச்சீலைக்கு ஜன்னல் அளவெடுத்து வந்துவிட்டாள்.

4.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு நல்லவள் தேவை. அவருடைய ஆய்வு மாணவியை அனுப்புகிறேன்.

இந்த வருடம் மழையில்லை. அவள் புதிய புழுக்கைக் குவியல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளையடித்த கூழாங்கல் ஒன்றை வைத்துவிட்டு, வாரம் தவறாமல் போய்ப் பார்த்திருக்கிறாள். நூற்று முப்பதாவது நாளும் குவியல் அப்படியே மொறுமொறுவென்று இருந்ததாம். நோட்டும் கையுமாக வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். சுவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சார், காய்ஞ்சு போனதுல பழசு எதுவுமே கரையல. அதையும் புதுசுன்னு எண்ணிட்டோம். நானூறுகூடத் தேறாது."

"எத்தனை குவியல்ல பாத்தே?"

"நூத்தி நாப்பது."

"பத்தாதும்மா. இன்னும் ரெண்டு வருஷம் பாரு. உன் ஆய்வேட்டுல ஒரு அத்தியாயமாவே வெச்சுக்கலாம்."

"அதுக்குள்ள மானே இருக்காதே சார்."

"இல்லாமப் போச்சுன்னா, ஏன் போச்சுன்னு அதையும் ஆராயலாமே."

இதற்குப் பிறகு அவள் கண்ணீரோடு படியிறங்கினாள் என்று எழுதியிருந்தேன். பொய். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் போனாள், வகுப்பில் வாத்தியாரின் தப்பைப் பிடித்த பிள்ளை மாதிரி. அவளுக்கு மான்மேல் அக்கறையா, சாரை மாட்டிவிடுவதில் ருசியா? இரண்டும் இருக்கலாம். அதனால் கூழாங்கல் பொய்யாகிவிடாது. ஆனால் நல்லவள் என்று நான் கொடுத்த பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

5.

கதைக்குச் சில முடிவுகளை உடுத்திப் பார்த்தேன்.

அ. கூட்டத்தில் எழுந்து "என் கணக்கு தப்பு" என்கிறார். அறையே கைதட்டுகிறது. [கூட்டங்களில் கைதட்டுகிறவர்களை நான் அறிவேன். அடுத்து இயக்குநராகப் போகிறவருக்குத்தான் தட்டுவார்கள்.]

ஆ. காட்டில் ஒரு மான் அவரை உற்றுப் பார்க்கிறது. அந்த விழிகளில் அவர்— [மான் பார்த்து ஆள் திருந்தினான் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.]

இ. மனைவி, "உண்மையைச் சொல்லிடுங்க" என்கிறாள். இதைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சுவர் வழியே வந்தது வேறு: "மழை பெய்யாததுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

6.

இன்று திங்கட்கிழமை. ஐந்தாம் பகுதியை எழுதி முடிப்பதற்குள் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் அவரே நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை, அக்குளில் கோப்பு. நான் எழுதுவதை மனைவி சொல்லிவிட்டாளாம். (அவளும் சும்மா இருப்பவளில்லை.)

காகிதங்களை நின்றபடியே வாசித்தார். 'புழுக்கை சார்' வந்த இடத்தில் முகம் சுளிக்கவில்லை. நாலு பிள்ளைகளையும் தாண்டினார். மாணவியின் பேச்சுக்கு வந்ததும் விரல் நின்றது.

"நூத்தி நாப்பது இல்லக்கா. நூத்தி நாப்பத்திரண்டு."

சனிக்கிழமை விடிந்ததும் அவர் வீட்டுக் கதவு திறந்து மூடிய சத்தம் சுவர் வழியே கேட்டிருந்தது. அப்படியானால் யாரிடமும் சொல்லாமல் அவர் போனது காட்டுக்குத்தான். கூழாங்கல் கூழாங்கல்லாகக் குனிந்து எண்ணிவிட்டு வந்திருக்கிறார். எனக்குக்கூடத் தெரியாமல் போயிருக்கிறது பாருங்கள்.

"கதையில நான் என்ன பண்றேன்?" என்றார்.

"இன்னும் எழுதல. நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"கையெழுத்துப் போட்டதாவே எழுதிடுங்கக்கா. ஆனா மனசு கேக்காமப் போட்டதா எழுதுங்க."

"மனசு கேக்காமப் போட்டா, மான் எத்தனை மிஞ்சும்?"

வருடக்கணக்கான பழக்கம் பாருங்கள், பதில் சொல்ல வாயைத் திறந்தார். உதடு எதையோ கழித்துப் பார்த்தது. கீழே அலுவலக ஜீப் ஒலியெழுப்பியது.

7.

இதோ, படியில் இறங்கிக்கொண்டிருக்கிறார். அரை மணியில் நீள மேசையும், நீட்டப்பட்ட கோப்பும். அங்கே எனக்குச் சுவர் கிடையாது, ஆகவே நீங்கள்தான் எழுத வேண்டும். கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அல்லது வேண்டாம் என்று எழுந்து வரச் சொல்லுங்கள். இயக்குநராக்குங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள். மனைவி எடுத்த ஜன்னல் அளவை என்ன செய்வதென்பதும் உங்கள் பாடு.

அவர் கேட்ட வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்.

[கனத்த மனத்தோடு அவர் பேனாவை எடுத்—]

அதை மட்டும் அடித்துவிட்டேன். அந்த வாக்கியம் உங்களுக்கும் கிடையாது.