பிளக்கோடு கட்டிய சாவி

டீக்கடையில் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் டைல்ஸ்காரனுக்குப் பகீரென்றது. எதிரே இருந்த கட்டடத்தின் நான்காம் மாடியில், வேலை முடியாத வீட்டில், தன் மனைவி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று சட்டென்று நினைவு வந்தது.

சற்று முன்புதான், கல் அறுத்துக்கொண்டிருந்த மெஷின் கரண்ட் போனதும் நின்றது. அதை அப்படியே தரையில் வைத்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வரேன்" என்று கிளம்பினான்.

"பிளேடு மழுங்கிப்போச்சு. நீங்க வர்றதுக்குள்ள மாத்தி வைக்கிறேன்" என்றாள் அவள்.

இவனும் பெரிய மனிதன்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தான். கையை எடுத்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கச் சுவிட்சில் போட்ட லாக் போட்டபடியே இருந்தது. பிளக்கும் சுவரில் சொருகியபடியே இருந்தது. கரண்ட் எந்த நொடியும் வரலாம்.

மற்ற நாளென்றால் பயமில்லை. பிளேடு கழற்றும் சாவியை அவள் ஒரு பழைய பாவாடை நாடாவால் பிளக்கோடு கட்டி வைத்திருந்தாள். பிளக்கைப் பிடுங்கினால்தான் சாவி பிளேடுக்கு எட்டும். ஆறு வருடமாக அப்படித்தான். சாவி கைக்கு வந்துவிட்டால் பிளக் பிடுங்கியாயிற்று என்பது அவள் கணக்கு. அதற்குமேல் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இன்று காலை அவள் சிமெண்ட் எடுக்கப் போயிருந்தபோது, "ஒவ்வொரு தடவையும் இது ஒரு ரோதனை" என்று இந்த மகராசன் நாடாவை அறுத்து, சாவியை மெஷின் பக்கத்திலேயே போட்டுவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

கிளாஸ் எங்கே விழுந்தது என்று பார்க்காமல் ஓடினான். கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை; தூசி படுமென்று அவள் கொடுத்து வைத்த அவளுடைய போன் இவன் சட்டைப் பையிலேயே கிடந்தது. லிஃப்ட் பொத்தானை அழுத்தப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். லிஃப்ட் ஓடினால் கரண்ட் வந்துவிட்டது என்றல்லவா அர்த்தம்! வாழ்நாளில் முதல் முறையாக, கரண்ட் வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டே படியேறினான்.

"தொடாத! மெஷினைத் தொடாத!"

மூச்சு வாங்கியதில் குரல் எழும்பவேயில்லை. மூன்றாம் மாடியில் கால் வைத்தபோது தலைக்கு மேல் பல்பு எரிந்தது.

மேலே மெஷின் அலறியது. இரும்பு எதிலோ மோதுகிற சத்தம். பிறகு மெஷின் நின்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மிச்சப் படிகளைக் கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினான்.

அவள் சுவரோரம் நின்றிருந்தாள், பிடுங்கிய பிளக்கும் கையுமாக. முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் கைகளைப் பிடித்து விரல்களை எண்ணினான். பத்து. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினான்.

"சாவிய மாட்டிட்டேங்க. திருகப் போறப்ப பாத்தா, நாடா கத்தியால அறுத்த மாதிரி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டு பிளக்கைப் பாக்க வந்தேன். அதுக்குள்ள..."

எதிர்ச் சுவரைக் காட்டினாள். அவள் உட்காரும் பலகைக்குப் பின்னால், அவள் தலை இருந்திருக்க வேண்டிய உயரத்தில், புதுப் பூச்சு பெயர்ந்திருந்தது. கீழே சாவி கிடந்தது, நாடாத் துண்டோடு.

"யாரு அறுத்தது?"

தெரியாது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"நான்தான்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் சாவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பிளக்கோடு சேர்த்துக் கட்டத் தொடங்கினாள். முடிச்சு விழவில்லை. உதவலாமென்று அவன் குனிந்து கையை நீட்டினான்.

"தொடாதீங்க" என்றாள்.