விறகு பிளக்க ஒரு கத்தி

காலையில் எழுந்தான். முகம் கழுவினான். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினான். விறகை அடுக்கி மூட்டினான், புகைந்தது, பிடிக்கவில்லை. பழைய ரொட்டியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து மகளுக்கு ஊட்டினான்.

நல்லையா இலங்கை மலையகத்தில், ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். மனைவி பாக்கியம் காய்ச்சலில் போன பிறகு வீட்டில் அவனும் குழந்தையும்தான். மழைக்காலம். கட்டையைப் பிளந்தால்தான் உள்ளே காய்ந்த விறகு கிடைக்கும். பாக்கியத்தின் தகப்பன் விட்டுப்போன கவ்வாத்துக் கத்தியைக் கட்டைமேல் வைத்து, கத்தி முதுகில் இன்னொரு கட்டையால் அடித்தான். தேயிலைச் செடி வெட்டும் கத்தி. பிடியருகே முறிந்தது. லயத்து வீடுகளில் கத்தி இரவல் கேட்டுக் கேட்டு அவனுக்கே அலுத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன் தம்பி," என்றாள் மாமியார் காத்தாயி. "அடுப்பு எரியலன்னா புள்ளய நான் கொண்டு போறேன்."

சனிக்கிழமை மாத்தளைக்குப் போனான். இரும்புக்கடை ஜமால்தீன் மடக்குக் கத்தியைக் காட்டினார்.

"மடக்குறது வேணாம் நானா. முதுகு தடிப்பா இருக்கணும். இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போகணும். அடிச்சுப் பிளக்குறதுக்கு."

"ஏன் மாஸ்டர், பெரம்புக்குப் புள்ளைக பயப்புடுறது இல்லயா?"

நல்லையா சிரிக்கவில்லை. நான்கைந்து கத்திகளைத் தட்டிப் பார்த்து, கனமான ஒன்றை எடுத்தான்.

"பேப்பர்ல சுத்திப் பைக்கு அடியில வைங்க," என்றார் ஜமால்தீன், மெதுவாக.

எண்பத்தொன்பதாம் வருடம், சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியை ராணுவம் அடக்கிக்கொண்டிருந்த காலம். ரத்தோட்டைப் பாதையில் பஸ்ஸை மறித்தார்கள். சிப்பாய் பையைக் கொட்டினான். விறகு பிளக்க என்று நல்லையா சிங்களத்தில் சொன்னான். "விறகுக்கா, கழுத்துக்கா?" என்று கேட்டுவிட்டு, சிப்பாய் கத்தியை ஒரு குவியல்மேல் எறிந்தான். அதில் மண்வெட்டிகூடக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு புகைந்தது. காத்தாயி குழந்தையின் துணிகளை மூட்டை கட்டினாள். வாசலுக்குப் போனவள் நின்றாள்.

"பாக்கியத்தக் கம்பளியில கட்டி ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப நீங்கதானே பக்கத்துல நடந்தீங்க. புள்ள யார்கிட்ட இருக்கணும்னு ஏதும் சொன்னாளா? ஒங்ககிட்டன்னு சொல்லியிருந்தா விட்டுட்டுப் போறேன்."

ஒரு பொய் போதும். நல்லையா வாயைத் திறந்தான். ஊரடங்கில் லொறி கிடைக்காத அந்த இறக்கத்தில், பாக்கியம் ஒரு தடவைதான் கண் விழித்தாள். அவள் கேட்டதை அப்படியே சொன்னான்.

"எஞ் செருப்ப எடுத்துக்கிட்டீங்களா?"